புதிதாக வாங்கிய பழைய 121 கொரோலா: கராஜ் எழுதித் தந்த பட்டியலில் எவை உண்மையில் தேவையானவை?

கரடிப்போக்கு வாசி – 2025 ஓகஸ்ட் 2

அனைவருக்கும் வணக்கம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து கார் வாங்கும் எண்ணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இவ்வாண்டு பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும் புதிய வாகனம் எங்கள் வருமானத்துக்கு எட்டாது என்பது தெளிவானதால், கடந்த மாதம் குருநாகலில் ஒருவரிடமிருந்து 2003 ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா கொரோலா 121 ஒன்றை வாங்கிக் கிளிநொச்சிக்கு ஓட்டிவந்தேன். ஓட்டோ கியர், பெற்றோல் எஞ்சின். மீற்றர் 2 இலட்சத்து 14 ஆயிரம் கிலோமீற்றர் காட்டுகிறது. முந்தைய சேர்விஸ் பற்றிய பதிவு எதுவும் கிடைக்கவில்லை.

கார் ஓடுகிறது. ஆனால் நான் கவனித்த குறைகள் சில உள்ளன. காலையில் முதலில் கியரை டி நிலைக்கு மாற்றும்போது ஒரு உதறல் வருகிறது. கிரவல் வீதியில் முன் இடப்பக்கத்திலிருந்து டக் டக் என்ற சத்தம் கேட்கிறது. நிறுத்தும் இடத்தில் ஒயில் இரண்டு மூன்று துளி விழுகிறது. வேகத்தில் பிறேக் பிடித்தால் ஸ்ரேரிங் நடுங்குகிறது. நண்பகலில் ஏசி போதுமான குளிரைத் தருவதில்லை. இவற்றைச் சொல்லி ஒரு கராஜில் காட்டியபோது, அவர்கள் அரை மணி நேரத்துக்குள் ஒரு பட்டியல் எழுதித் தந்தார்கள்: ரைமிங் பெல்ற் மாற்றுதல், கியர் பெட்டி மாற்றுதல், நான்கு ஷொக் அப்சோபர்களும் மாற்றுதல், ஸ்ரேரிங் றாக், முன் பிறேக் டிஸ்க்குகளும் பாட்களும், புதிய றேடியேற்றர், தெர்மோஸ்ரற்றைக் கழற்றிவிடுதல், எஞ்சின் பின் ஒயில் சீல், ஏசி கொம்பிரசர், பற்றறி, நான்கு ரயர்கள். மொத்தம் 5 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய்.

என் கையில் இருப்பது 2 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வாரத்தில் ஐந்து நாட்கள் பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, வட்டுவாகல் வழியாக முல்லைத்தீவுக்கு வேலைக்குச் செல்கிறேன். ஒரு வழிக்கே 50 கிலோமீற்றருக்கு மேல். மாதத்தில் ஒரு நாள் அம்மாவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். ஒக்ரோபரில் மழை தொடங்கிவிடும். எதை இப்போதே செய்ய வேண்டும், எதை விடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மாங்குளம் கராஜ் – 2025 ஓகஸ்ட் 2

தம்பி, முதலில் உங்கள் பட்டியலின் முதல் வரியைப் பார்ப்போம். 121 கொரோலாவில் இருக்கும் 1என்.இசட் எஞ்சினில், வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் ரைமிங் பெல்ற் கிடையாது. அதில் இருப்பது ரைமிங் செயின். இத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற கணக்கு அதற்கு இல்லை. ஒயிலை நேரத்துக்கு மாற்றாமல் ஓடிய எஞ்சினில் அது தளர்ந்து, குளிர்ந்த நிலையில் ஸ்ரார்ட் செய்யும்போது சில விநாடிகள் கடகடத்தால் அப்போது பார்க்க வேண்டும். பெல்ற் இருப்பது இதற்கு முந்தைய 110 கொரோலாவின் பெற்றோல் எஞ்சினில். அதற்கு ஏறத்தாழ 1 இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். ஆகவே இந்தப் பட்டியலை எழுதியவர் உங்கள் எஞ்சினைப் பார்த்து எழுதவில்லை, கொரோலா என்ற பெயரைக் கேட்டு எழுதியிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவரவில்லை. பழைய கார் ஒன்று வந்தால் பழக்கமான பட்டியலை எழுதிவிடுவது எங்கள் தொழிலில் பலருக்கும் உள்ள வழக்கம், நானும் இளவயதில் அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் பணம் உங்களுடையது.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் நேரே "எதைப் பார்த்து இதைச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். ஷொக் அப்சோபர் என்றால், ஒயில் கசிந்து தண்டு நனைந்திருப்பதைக் காட்டட்டும். பற்றறி என்றால், மீற்றர் வைத்து அளந்து சொல்லட்டும்: இரவு முழுவதும் நின்ற காரில் 12.6 வோல்ற்றுக்கு அண்மையாகவும், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரையாகவும் இருந்தால், அந்தப் பற்றறியையோ ஒல்ரனேற்றரையோ மாற்ற எந்தக் காரணமும் இல்லை. றேடியேற்றர் என்றால், எங்கே கசிகிறது, எந்தப் பகுதி அடைத்திருக்கிறது என்று காட்டட்டும். காட்ட முடியாத வரியை ஒரு மாதம் தள்ளிவைத்தால் பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போகாது.

தள்ளிவைக்கக் கூடாதவை இரண்டு வகை. காரை நிறுத்துவதும் திருப்புவதும் ஒரு வகை: பிறேக், ரயர், சில்லைப் பிடித்திருக்கும் போல் ஜொயின்ற், ஸ்ரேரிங்கைச் சில்லோடு இணைக்கும் ரை றொட் முனை. இவற்றில் குறை இருந்தால் நாளைக்கே அந்தக் காரை வீதியில் இறக்காதீர்கள். சிறிய குறை பெரிய செலவாக மாறும் இடங்கள் மற்ற வகை: எஞ்சின் ஒயில், கூலன்ற், கியர் ஒயில், சில்லைச் சுழற்றும் அச்சின் மூட்டை மூடியிருக்கும், கிழிந்த சீவி ஜொயின்ற் உறை. உங்களிடம் சேர்விஸ் பதிவு இல்லாததால், எஞ்சின் ஒயிலையும் ஒயில் பில்ரரையும் கேள்வி கேட்காமல் இன்றே மாற்றுங்கள். பழைய ஒயிலை இறக்கும்போது அருகில் நின்று பாருங்கள், ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். அங்கே பால்கலந்த தேநீர் போன்ற குழம்பு படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கக்கூடும், அப்படியானால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு எஞ்சினின் தலைப்பகுதிக்குக் கீழே இருக்கும் ஹெட் காஸ்கற்றைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தெர்மோஸ்ரற்றைக் கழற்றும் யோசனையை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். எங்கள் வெயிலுக்கு அது தேவையில்லை என்று பலரும் சொல்வார்கள். ஏறத்தாழ 82 பாகையில் அது திறந்து தண்ணீரை றேடியேற்றருக்கு விடுகிறது, அதுவரை எஞ்சினை வேகமாகச் சூடேற விடுகிறது. அதைக் கழற்றினால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நீண்ட நேரம் எடுக்கும். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைக்கும் கொம்பியூற்றர் கூடுதல் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும், அந்தப் பெற்றோல் ஒயிலோடும் கலக்கும். சூடேறுவதற்குக் காரணம் வேறாக இருந்தால், அந்தக் காரணமும் மறைந்துகொண்டு வளரும்.

பரந்தன் சாரதி – 2025 ஓகஸ்ட் 3

நான் 17 ஆண்டுகளாக வாடகைக்கு ஓடுகிறேன், அதில் பாதிக்கு மேல் நோயாளிகளை யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் கொண்டுசெல்லும் ஓட்டம். மாங்குளம் ஐயா சொன்னதோடு என் அனுபவத்தில் இரண்டு விடயங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

ரயரை அதன் பட்டையின் ஆழத்தை மட்டும் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். ரயரின் பக்கச் சுவரில் டொட் என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2316 என்று இருந்தால் 2016 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம். விற்பதற்காக நிறுத்தி வைத்திருந்த கார்களில் பட்டை நன்றாக இருக்கும், ஆனால் ரப்பர் காய்ந்து பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருக்கும். அப்படியான ரயரோடு நண்பகலில் ஏ9 வீதியில் வேகமாகப் போவது ஆபத்து. ஆழத்துக்கு, பட்டையின் பள்ளத்துக்குள் இருக்கும் சிறிய மேட்டைப் பாருங்கள். தேய்ந்து அதனோடு சமமாகிவிட்டால் மீதி 1.6 மில்லிமீற்றர்தான், மழையில் அது தண்ணீரை வெளியே தள்ளாது. நான்கையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்பதும் இல்லை. மோசமான இரண்டை மாற்றி, புதியவற்றைப் பின்னால் போடுங்கள். முன்னுக்குப் போடத்தான் மனம் சொல்லும், ஆனால் நனைந்த வீதியில் பின்பக்கம் வழுக்கினால் காரைத் திருப்பிப் பிடிப்பது மிகவும் கடினம்.

மற்றது தண்ணீர். எங்கள் பகுதிக் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்க வைப்பவர்களுக்கு அதன் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படிவு தெரியும். அதே தண்ணீரை றேடியேற்றருக்குள் ஊற்றினால் அதே படிவு அந்த மெல்லிய குழாய்களுக்குள்ளும் பிடிக்கும். கார் வழியில் சூடேறினால் அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் ஊற்றலாம், ஆனால் அந்த வாரமே அதை இறக்கிவிட்டு, கூலன்ற்றையும் வடித்த தண்ணீரையும் கலந்து ஊற்ற வேண்டும். குருநாகல்காரர் என்ன ஊற்றி ஓட்டினார் என்பது உங்களுக்குத் தெரியாது. எஞ்சின் முற்றாக ஆறிய பின்னர் மூடியைத் திறந்து, உள்ளே இருப்பது சிவப்பாகவோ பச்சையாகவோ தெளிவாக இருக்கிறதா, அல்லது துருப்பிடித்த தண்ணீரா என்று பாருங்கள்.

புதுக்குடியிருப்பு – 2025 ஓகஸ்ட் 3

வணக்கம் சகோதரரே. நீங்கள் எழுதிய உதறல் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை நினைவுபடுத்தியதால் எழுதுகிறேன். நாங்கள் 2021 இல் வாங்கிய ஓட்டோ கியர் காரிலும் டி நிலைக்கும் றிவேர்ஸுக்கும் மாற்றும்போது அடித்தது போல் ஓர் உதறல் வந்தது. கியர் பெட்டி போய்விட்டது என்று ஒரு கராஜில் சொன்னார்கள். என் கணவர் வெளிநாட்டில் இருந்ததால் நானே முடிவெடுக்க வேண்டியிருந்தது, பயத்தில் சம்மதித்தேன். றிக்கண்டிஷன் கியர் பெட்டி ஒன்று பூட்டப்பட்டது. 2 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய் போனது. அடுத்த நாள் காலையில் ஸ்ரார்ட் செய்து கியரை மாற்றினேன், அதே உதறல் அப்படியே இருந்தது. பிறகு வேறோர் இடத்தில், ஒருவர் உள்ளே பிறேக்கை அழுத்திக்கொண்டு கியரை மாற்ற, மற்றவர் பொனற்றைத் திறந்து எஞ்சினைப் பார்த்தார். எஞ்சின் முழுவதும் ஒரு பக்கமாகத் தூக்கி விழுந்தது. எஞ்சினைத் தாங்கும் மவுண்ற் ஒன்றின் ரப்பர் கிழிந்திருந்தது. அந்த ஒரு மவுண்ற்றை மாற்றியதும் உதறல் நின்றுவிட்டது.

கியர் பெட்டியை மாற்றச் சம்மதிப்பதற்கு முன் இந்தச் சோதனையை உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. அந்தப் பணம் எங்கள் மகளின் படிப்புக்கென்று வைத்திருந்தது, ஆகவேதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாங்குளம் கராஜ் – 2025 ஓகஸ்ட் 3

சகோதரி எழுதியது முற்றிலும் சரி. அதோடு கியர் ஒயிலையும் பாருங்கள். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஓடவிட்டபடியே, பார்க் நிலையில் வைத்து அளவுக்கோலை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது, மண்ணிறமாக இருந்தால் பழையது. கறுத்து, கருகிய மணம் அடித்தால்தான் உள்ளே தட்டுகள் எரிந்திருக்கின்றனவா என்று கவலைப்பட வேண்டும். மாற்றுவதானால் டொயோட்டா இந்தக் கியருக்குச் சொல்லும் ரி-4 வகை ஒயிலையே போடுங்கள். ஒருமுறை இறக்கினால் பாதிக்கும் குறைவான பழைய ஒயில்தான் வெளியே வரும், மீதி உள்ளேயே நிற்கும். ஆகவே ஒருமுறை இறக்கி ஊற்றி, சில நூறு கிலோமீற்றர் ஓடி, மீண்டும் ஒருமுறை இறக்கி ஊற்றுங்கள். இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவுவது, பல ஆண்டுகளாக ஒயில் மாற்றாத கியர் பெட்டிக்கு நல்லதென்று நான் நம்பவில்லை.

நெடுங்கேணி – 2025 ஓகஸ்ட் 5

இங்கே எல்லோரும் சொல்வதற்கு மாறாக ஒரு கருத்தை முன்வைக்கிறேன். நான் கிராமத்தில் இருப்பவன். நல்ல கராஜ் என்றால் வவுனியாவுக்குப் போக வேண்டும், போனால் ஒரு நாள் வேலை போகும், அந்த நாட்சம்பளமும் போகும். ஒவ்வொன்றாகச் செய்தால் ஆறு தடவை போக வேண்டும். நான் என் பழைய நிசான் சனி காரை வாங்கியதும் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் செய்துவிட்டேன். மூன்று ஆண்டுகள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மழைக்காலத்தில் ஒலுமடு வீதியில் இரவில் கார் நின்றால் உதவிக்கு ஆள் வராது, யானை வரும். ஒரே தடவையில் செய்து மனநிம்மதியோடு இருப்பதற்கும் ஒரு பெறுமதி உண்டல்லவா? கேள்வி கேட்டவரும் கடன் வாங்கியாவது முழுவதையும் செய்துவிடுவதே நல்லது என்று நினைக்கிறேன்.

மாங்குளம் கராஜ் – 2025 ஓகஸ்ட் 6

நெடுங்கேணி அண்ணா சொல்வதில் நியாயம் உண்டு. தூரமும் இழக்கும் நாட்சம்பளமும் செலவுதான், அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் புத்தி சொல்வது தவறு. ஒரே கழற்றலில் முடியும் வேலைகளை ஒன்றாகச் செய்ய வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். உதாரணமாக, சீவி உறை மாற்ற அச்சைக் கழற்றினால், கியர் பெட்டியின் அந்தப் பக்க ஒயில் சீலையும் அப்போதே மாற்றுவது அறிவான செயல். சீலின் விலை சிறிது, கழற்றிப் பூட்டும் கூலிதான் பெரிது. போல் ஜொயின்ற்றையும் புஷ்களையும் மாற்றிய பின்னர்தான் வீல் அலைன்மென்ற் செய்ய வேண்டும். முதலில் அலைன்மென்ற் செய்தால் அந்தப் பணம் வீண்.

ஆனால் காரணம் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவதில் ஓர் இழப்பு இருக்கிறது. ஐந்து பாகங்களை மாற்றிச் சத்தம் நின்றால், எது காரணம் என்று ஒருபோதும் தெரியாது. சத்தம் நிற்காவிட்டால், புதிய பாகங்களுள் ஒன்று பழுதா, பூட்டியது தவறா, அல்லது உண்மையான காரணம் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்றும் தெரியாது. நன்றாக இருந்த தொழிற்சாலைப் பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, அதைவிடத் தரம் குறைந்த ஒன்றைப் பூட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. கடன் வாங்கி இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முன் இடப்பக்கச் சத்தத்தைப் பற்றி நான் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதற்கு ஒரு காரணம் உண்டு. டக் டக் என்ற சத்தம் ஸ்ரெபிலைசர் லிங் தேய்ந்தாலும் வரும், லோவர் ஆம் போல் ஜொயின்ற் தேய்ந்தாலும் வரும். காதுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே கேட்கும். லிங் தேய்ந்தால் சத்தம் மட்டும்தான், அதோடு மாதக்கணக்கில் ஓடலாம். போல் ஜொயின்ற் கழன்றால் சில்லு வெளிப்பக்கமாகச் சரிந்து கார் வீதியில் உட்கார்ந்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் சத்தத்தை நான் காதால் மட்டும் கேட்டு, லிங்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பத்தாம் நாள் கொக்காவிலுக்கு அருகில் அவருடைய முன் சில்லு கழன்று சரிந்தது. திரும்பும் இடத்தில் மெதுவாக வந்ததால் யாருக்கும் காயமில்லை. பின் இருக்கையில் அவருடைய இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அன்றிலிருந்து நான் சில்லைத் தூக்கிப் பார்க்காமல் எந்தச் சத்தத்துக்கும் பெயர் சொல்வதில்லை.

நீங்களே பார்க்கலாம், தம்பி. சம தரையில் கைப்பிறேக் போட்டு, பின் சில்லுகளுக்குக் கல் வைத்து, முன் சில்லை ஜக்கில் தூக்கி, தாங்கி ஒன்றையும் வையுங்கள். வெறும் ஜக்கை நம்பிக் காருக்குக் கீழே கையையோ தலையையோ நீட்ட வேண்டாம். சில்லின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தால் போல் ஜொயின்ற் அல்லது பியறிங், இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் ரை றொட் முனை அல்லது றாக். ஆட்டம் எங்கே பிறக்கிறது என்பதை மற்றொருவர் ரோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். றாக்கை மாற்றச் சொன்னவர் இதைச் செய்து பார்த்தாரா என்று கேளுங்கள். முனை மட்டும் தேய்ந்திருக்கும்போது முழு றாக்கையும் மாற்றிய கார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒயில் துளிக்கும் இதே முறைதான். பின் சீல் மாற்ற வேண்டுமென்றால் கியர் பெட்டியை இறக்க வேண்டும், கூலியே பெருந்தொகை. ஆனால் எஞ்சினின் உச்சியில் வால்வுகளை மூடும் ரப்பற் கவரின் காஸ்கற் கசிந்தால், அந்த ஒயில் பின்பக்கமாக வழிந்து, எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்திலிருந்துதான் சொட்டும். கீழிருந்து பார்ப்பவருக்குப் பின் சீல் கசிவது போலவே தோன்றும். எஞ்சினைக் கழுவித் துடைத்துக் காயவிட்டு, இரண்டு நாள் ஓடிவிட்டு, மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஈரம் எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு.

முள்ளியவளை – 2025 ஓகஸ்ட் 7

யாரும் குறிப்பிடாத ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்ரார்ட் செய்யாமல் டாஷ்போட்டைப் பாருங்கள். எஞ்சின் விளக்கும் காற்றுப்பை விளக்கும் முதலில் எரிய வேண்டும், பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விற்றவர் அந்த விளக்கை நிறுத்தியிருக்கக்கூடும்.

காற்றுப்பையைப் பற்றித் தனியாகவும் விசாரியுங்கள். டகாட்டா நிறுவனம் செய்த காற்றுப்பைகளின் ஊதுகலத்தில் இருந்த அமோனியம் நைத்திரேற்று, பல ஆண்டுகள் வெப்பத்திலும் ஈரப்பதனிலும் இருந்தால் சிதைந்து, விபத்தின்போது அளவுக்கு மீறி வெடித்து உலோகத் துண்டுகளைப் பயணிகள் மீது வீசுகிறது. அதனால் உலகெங்கும் கோடிக்கணக்கான வாகனங்கள் மீளழைக்கப்பட்டன. 2013 இல் டொயோட்டா மீளழைத்தவற்றுள் அக்காலக் கொரோலாக்களும் இருந்தன. எங்கள் காலநிலை அந்தச் சிதைவுக்கு ஏற்ற காலநிலை. சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து டொயோட்டாவின் முகவரிடம் உங்கள் கார் அதில் அடங்குகிறதா என்று கேளுங்கள். ஷொக் அப்சோபரைவிட இது முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

மேலும், 2016 மேயில் கொழும்பிலும் 2018 டிசம்பரில் எங்கள் மாவட்டங்களிலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பின்னர் கழுவி விற்கப்பட்டதைப் பலரும் அறிவோம். இருக்கைப் பட்டியை முழுவதுமாக வெளியே இழுத்து அதன் கடைசிப் பகுதியில் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பாருங்கள், கால்விரிப்பின் கீழே துருவும் மணமும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் உங்கள் பணத்தை வேறு எதற்கும் முன்னர் மின்கம்பி இணைப்புகளைப் பார்ப்பதற்கு ஒதுக்க வேண்டிவரும்.

வவுனியா உதிரிப்பாகம் – 2025 ஓகஸ்ட் 8

நான் உதிரிப்பாகம் விற்பவன். என் வியாபாரத்துக்கு எதிராகவே ஒன்றைச் சொல்கிறேன். ரப்பர் சேர்ந்த எந்தப் பாகத்தையும் ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பழைய பாகமாக வாங்காதீர்கள். மவுண்ற், புஷ், சீல், உறை, பெல்ற் ஆகியவை அங்கேயும் இருபது ஆண்டுகள் கிழடானவைதான். இரும்பும் அலுமினியமுமான பாகங்களைப் பழையதாக வாங்கலாம். பிறேக் பாட்டில் ஒருபோதும் மலிவைத் தேடாதீர்கள். டிஸ்க்கைப் பொறுத்தவரை, குறைந்தபட்சத் தடிப்பு பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து பார்த்து, அதற்கு மேல் இடமிருந்தால் கடைசலில் சீவியெடுத்தாலே நடுக்கம் நிற்கும். என் கடைக்கு டிஸ்க் வாங்க வருபவர்களிடம் முதலில் அளந்துவிட்டீர்களா என்றே கேட்கிறேன்.

பிறேக் ஒயிலையும் மறக்காதீர்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை, ஈரம் ஏறிய பின்னர் 140 வரை இறங்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஒரு போத்தலின் விலை இந்தப் பட்டியலின் எந்தப் பாகத்தையும்விடக் குறைவு.

கரடிப்போக்கு வாசி – 2025 ஓகஸ்ட் 30

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னவற்றை ஒரு கொப்பியில் எழுதி, இரண்டு சனிக்கிழமைகளில் ஒரு உறவினரின் உதவியோடு ஒவ்வொன்றாகப் பார்த்தேன், பிறகு மாங்குளம் ஐயாவின் கராஜுக்கே கொண்டுபோனேன்.

முன் இடப்பக்கச் சில்லை மேலும் கீழும் ஆட்டியபோது தெளிவான ஆட்டம் இருந்தது. போல் ஜொயின்ற்றேதான். அதைக் கண்ட அன்றிலிருந்து மாற்றும்வரை பேருந்தில்தான் வேலைக்குப் போனேன். உதறலுக்குக் காரணம் வலப்பக்க எஞ்சின் மவுண்ற். கியர் ஒயில் மண்ணிறமாக இருந்தது, கருகிய மணம் இல்லை. ஒருமுறை மாற்றிவிட்டோம், அடுத்த மாதம் மறுமுறை. டிஸ்க்குகள் அளவுக்குள் இருந்தன, சீவியெடுத்துப் புதிய பாட்கள் போட்டோம், நடுக்கம் நின்றது. பிறேக் ஒயில், எஞ்சின் ஒயில், கூலன்ற், ஏயர் பில்ரர் எல்லாம் மாற்றப்பட்டன. ஏயர் பில்ரரைத் தட்டியபோது கொட்டிய கிரவல் தூசியைப் பார்த்து எனக்கே வருத்தமாக இருந்தது. ரயர்களில் இரண்டு 2014 ஆம் ஆண்டினவை, அவற்றை மாற்றிப் புதியவற்றைப் பின்னால் போட்டோம். ஏசிக்கு கொம்பிரசர் தேவைப்படவில்லை. முன்னால் இருந்த கொண்டென்சரின் இடுக்குகள் தூசியாலும் பூச்சிகளாலும் அடைத்திருந்தன, கழுவியதும் குளிர் வந்துவிட்டது. பற்றறி 12.5 வோல்ற் காட்டியது, அப்படியே விட்டோம். ஷொக் அப்சோபர்கள் காய்ந்திருந்தன, அவற்றையும் தொடவில்லை. அலைன்மென்ற்றையும் சேர்த்து இதுவரை 1 இலட்சத்து 72 ஆயிரம் ரூபாய்.

காற்றுப்பை பற்றிச் சேசிஸ் இலக்கத்தோடு விசாரித்திருக்கிறேன், பதிலுக்காகக் காத்திருக்கிறேன். ஒயில் கசிவு ரப்பற் கவரிலிருந்துதான் தொடங்குகிறது என்று தெரிகிறது, காஸ்கற் வாங்கி வைத்துவிட்டேன். ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. காரைத் தூக்கியபோது பின் வலச் சில்லுக்குப் போகும் பிறேக் குழாயின் மேல் துரு தெரிந்தது. இதை இப்போதே மாற்ற வேண்டுமா?

மாங்குளம் கராஜ் – 2025 ஓகஸ்ட் 31

அன்று அவசரத்தில் நான் அந்தக் குழாயைச் சரியாகப் பார்க்கவில்லை, அது என் தவறு. மேலோட்டமான துரு என்றால் கம்பித்தூரிகையால் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சுப் பூசினால் போதும். தேய்க்கும்போது உலோகம் உதிர்ந்து குழி தெரிந்தால், அந்தக் குழாயை முழு நீளத்துக்கும் மாற்ற வேண்டும், அதற்குத் தவணை கிடையாது. நீங்கள் நாள்தோறும் வட்டுவாகலைக் கடப்பவர். மழைக்காலத்தில் அங்கே கடனீரேரித் தண்ணீர் பாலத்தின் மேலாக ஓடும்போது அந்த உப்பு முழுவதும் காரின் அடியில்தான் படியும். அப்படிக் கடந்த நாட்களில் வீட்டுக்கு வந்ததும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், பிறகு இரண்டு மூன்று தடவை பிறேக் பிடித்து உலரவிட்டுவிட்டு நிறுத்துங்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தக் காஸ்கற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். காரைக் குழியில் ஏற்றி, குழாயை நீங்களே உங்கள் கையால் தேய்த்துப் பார்க்கலாம்.